பேர் கழுவிய ரெக்கார்டு

எங்கள் பிராங்க்ஸில் மூன்று பேர் கூடினால் அதில் நான்கு பேர், "ஹிப்-ஹாப்பை ஆரம்பிச்சதே நான்தான்" என்பார்கள். முடிதிருத்தும் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஒருவன் முதன்முதலில் மைக் பிடித்தவன். இன்னொருவன் அவனுக்கு மைக்கை எடுத்துக் கொடுத்தவன். மூன்றாமவன் அந்த மைக்குக்குக் கரண்டு இழுக்க விளக்குக் கம்பத்தின் மூடியைக் கழற்றியவன். அன்றைக்குப் பூங்காவில் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறவர்களை எல்லாம் கூட்டினால் யாங்கி ஸ்டேடியம் கொள்ளாது. இந்தக் கூத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வாயைத் திறக்காதவள் ஒருத்தி உண்டு. நெரெய்டா பாத்திஸ்தா. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு மக்ரோனி போட்டு ஓய்வு பெற்றவள். வரிசையில் நிற்கிற பிள்ளைகள் சும்மா இருக்குமா? தட்டைத் தட்டித் தட்டி ராப் பாடும். "தட்டை நீட்டு கண்ணு, பின்னாடி ஆள் நிக்குது" என்பாள். அந்தப் பிள்ளைகள் தட்டிய தாளங்களில் ஒன்றை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவளே அவள்தான் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். என் பெயர் அலான்ஸோ, ஊருக்கு லோனி. நகரப் பேருந்துப் பணிமனையில் எஞ்சினோடு மல்லுக்கட்டியே வயதைக் கழித்தவன். எழுபதுகளில் நெரெய்டாவும் நானும் ஒரே கட்டடம், ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு. அவர்கள் வீட்டில் பீன்ஸ் வேகும் வாசனை வந்தால் என் அம்மா, "போடா, போய் ஏதாவது கடன் கேட்கிற மாதிரி நில்லு" என்று என்னைத் தள்ளிவிடுவாள். அவர்கள் ஸ்பானிஷ் பேசும் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், நாங்கள் கறுப்பர்கள். பக்கத்துத் தெருக் கட்டடங்கள் மாதம் ஒன்றாக எரிந்துகொண்டிருந்த காலத்தில் யார் எந்த ஊர்க்காரன் என்று யார் கேட்டார்கள்? அந்தக் கேள்வியெல்லாம் பிற்பாடு, மேடையும் மாலையும் வந்த பிறகு வந்தது.

எங்கள் பாட்டுப் போடும் குழுவின் தலைவன் ஹோரஸ். அப்பா ஜமைக்காக்காரர். அவரிடமிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயரும், அதைவிடச் சத்தமான ஒரு வாயும் அவனுக்கு வந்திருந்தன. இரண்டு ரெக்கார்டு பிளேயர், ஸ்பீக்கர்கள், பத்துப் பதினைந்து ரெக்கார்டுப் பெட்டி. சனிக்கிழமை மதியம் பள்ளி மைதானத்தில் கடை விரிப்போம். ஒரு பாட்டில் பாடுகிறவன் ஓய்ந்து, வெறும் மேளம் மட்டும் பத்துப் பதினைந்து விநாடி அடிக்கும் இடம் ஒன்று வருமே, அதை நாங்கள் பிரேக் என்போம். ஆடுகிறவர்கள் அதற்குத்தான் காத்திருப்பார்கள். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, இதில் முடியும்போது அதில் ஆரம்பித்து, அந்தப் பதினைந்து விநாடியைப் பத்து நிமிடமாக இழுப்பதுதான் மொத்த வித்தையும். நல்ல பிரேக் எவனிடம் இருக்கிறதோ அவனிடம் கூட்டம்.

நெரெய்டாவுக்கு அந்தப் பிரேக்குகளைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கத் தெரியும். ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். பாடுகிற இடத்தில் கோடுகள் ஒரு சாயல், மேளம் மட்டும் அடிக்கிற இடத்தில் வேறு சாயல். "இதோ பாருடா, இங்க, அரை விரல் அகலம்" என்று காட்டுவாள். எனக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும்.

மூன்றாம் அவென்யூவில் பழைய மெத்தை, நாற்காலி விற்கிற கடை ஒன்று. அதன் மூலையில், ஸ்பானிஷ் ரெக்கார்டுகள் நிறைந்த, யாரும் சீண்டாத ஒரு பெட்டி. 1977 இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அந்தப் பெட்டிக்குள் கழுத்துவரை குனிந்திருந்த நெரெய்டா, "லோனி!" என்று கத்திய கத்தலில் கடைக்காரர் பயந்தே போனார். வீட்டுக்கு வந்து ஓட்டினோம். பதினேழு விநாடி. கையால் தட்டுகிற கொங்காவும் மணியும் மேளமும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடின. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் சிரிக்கவே இல்லை, திரும்பத் திரும்ப முள்ளை அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த பிரதிக்காக ஐந்து வாரம் ஊர் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, அதையும் பிடித்துவிட்டாள். அது யார் ரெக்கார்டு, என்ன பெயர் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அந்தச் சத்தியத்தையாவது காப்பாற்றுகிறேனே.

சத்தியம் செய்வது எங்கள் தொழிலில் சாதாரணம். எதிர்க்குழுக்காரர்கள் நம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, சுழல்கிற ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் பெயரை எட்டிப் படித்துவிடுவார்கள். அதனால் நல்ல ரெக்கார்டு கிடைத்தால் முதல் வேலை, அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு நடுவில் இருக்கும் காகிதத்தை உரித்துவிடுவது. உறையையும் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவோம். நெரெய்டா அவர்கள் வீட்டுக் குளியல் தொட்டியில்தான் ஊறவைப்பாள். அவள் அம்மா கதவை இடிப்பாள். "இந்த வீட்டுல குளிக்கிறது மனுசங்களா, ரெக்கார்டா?" பெயரே இல்லாத அந்த இரண்டு ரெக்கார்டின் பெயர் உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு, எனக்கு, ஹோரஸுக்கு.

அந்தக் குளிர்காலமும் அடுத்த வசந்தமும் எங்களை அசைக்க ஆளில்லை. அந்தப் பிரேக் வரும்போது ஹோரஸே பிளேயரை விட்டு ஒதுங்கி நெரெய்டாவுக்கு இடம் விடுவான். முள்ளை அந்த அரை விரல் அகலத்தில் குறி தவறாமல் இறக்க அவளால்தான் முடியும். பையன்கள் வட்டம் போட்டுத் தரையில் விழுந்து புரளுவார்கள். ஸ்பீக்கர் தூக்குவதும் இடையிடையே மைக்கில் நான்கு வரி உளறுவதும் என் வேலை. நோட்டீஸில் ஹோரஸ் பெயர் முழங்கை அளவு எழுத்தில் இருக்கும். அவள் பெயர் இருக்காது. கேட்டால், "பொம்பளைப் பேரு, அதுவும் ஸ்பானிஷ் பேரு. கூட்டம் வராதுடி" என்பான். "கூட்டம் என் பேருக்கா வருது? பாட்டுக்குத்தானே வருது" என்று விட்டுவிடுவாள். பாவி, அப்படி விட்டதுதான் தப்பு.

1978 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. எங்களுக்குப் பரம எதிரி ரூஃபஸ். அவன் கூட்டம் எதிர்ப் பூங்காவில் கடை விரித்திருந்தது. வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். திடீரென்று அங்கிருந்து எங்கள் பதினேழு விநாடி கேட்டது. அதே கொங்கா, அதே மணி. நெரெய்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு, கட்டடத்தின் அடித்தளத்தில் ஹோரஸ் பஞ்சாயத்து வைத்தான். எட்டுப் பத்துப் பேர் இருந்தோம்.

"ரெக்கார்டுல பேரு இல்ல. அப்புறம் எப்படி அவன் கைக்குப் போச்சு?" என்றான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நெரெய்டா.

"உன் சித்தப்பா பையன் செசார் அவன் குழுவுலதானே ஆடுறான்?"

"ஆடுறான். அதுக்கு?"

"ரத்தம் ரத்தத்துகிட்டத்தான் போகும். உங்க ஆளுங்க உங்க ஆளுங்களுக்குத்தான் சொல்லுவாங்க."

"எங்க ஆளுங்களா? ரெக்கார்டைத் தேடி எடுத்தவ நானு. என் வீட்டு ரெக்கார்டை நானே எதுக்குடா திருடணும்?"

ஹோரஸ் என் பக்கம் திரும்பினான். "லோனி, நீ சொல்லு. பேரு தெரிஞ்சது மூணு பேருக்கு. நீ சொன்னியா?"

"இல்லை" என்றேன். அது உண்மை.

"நானும் சொல்லல. அப்போ யாரு?"

நெரெய்டா என்னையே பார்த்தாள். பதினேழு வயதுப் பெண். நான் என் செருப்பைப் பார்த்தேன். எனக்கும் பதினெட்டு வயதுதான். ஹோரஸை எதிர்த்தால் மறுநாள் எங்கே போய் நிற்பது? அப்படித்தான் அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் படியேறிப் போனாள். அந்த இரண்டு ரெக்கார்டையும் ஹோரஸ் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பிளேயர் பக்கம் அவள் நின்ற இடத்தில் நான் நின்றேன். யாராவது நிற்கத்தானே வேண்டும்? முள்ளை இறக்கும்போது நான்கு தடவைக்கு ஒரு தடவை குறி தவறும். கூட்டம் ஊளையிடும்.

ரெக்கார்டுப் பெட்டியின் ரகசியத்தை உடைத்தவள் என்று, பேட்டையில் அவளுக்குப் "பெட்டி உடைச்சவ" என்று பெயர் வந்தது. அவர்கள் வீட்டுத் தபால் பெட்டியில் யாரோ அதையே பெயின்ட்டால் எழுதிவைத்தார்கள். அவள் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுரண்டியும் அது போகவில்லை. இரண்டு தெரு தள்ளிக் குடிபோனார்கள். கல்யாணம், ஒரு மகள், புருஷன் போய்ச் சேர்ந்தது, பள்ளிக்கூடச் சமையல் என்று காலம் ஓடியது. வீட்டில் பிளேயரே வைத்துக்கொள்ளவில்லை. மகள் யாரிட்ஸா பத்து வயதில் ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாளாம். சண்டையில் ஒரு பையன், "உங்கம்மா காட்டிக் கொடுத்தவ, எங்கப்பா சொன்னாரு" என்று சொல்லிவிட்டானாம். என்ன சொல்வாள் நெரெய்டா? ரெக்கார்டில் பெயர் இல்லை, நோட்டீஸில் பெயர் இல்லை. சாட்சி என்று இருந்ததே இரண்டே பேர். ஒருவன் ஹோரஸ், ஒருவன் நான்.

ஹோரஸ் என்ன ஆனான் என்கிறீர்களா? ஜெர்மனி போனான், ஜப்பான் போனான். "அசல் ஹிப்-ஹாப்பின் முன்னோடி" என்று சட்டைப் பின்புறம் தைத்துப் போட்டுக்கொண்டான். வாயைத் திறந்தால், எது அசல், எது போலி, யார் உண்மையானவன் என்று பாடம். அசலைப் பற்றி அவன் பேசுகிறான்! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதை.

2023இல் ஹிப்-ஹாப்பின் ஐம்பது வருடக் கொண்டாட்டம் வந்தது. எங்கள் பெரிய நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், அந்தக் காலத்து ஆட்களை மேடையேற்றி, "எப்படித் தொடங்கியது" என்று பேசவைத்துப் பதிவு செய்யப்போவதாகச் சொன்னார்கள். ஹோரஸ், ரூஃபஸ், நான். நூலகத்துப் பெண் ஒருத்தி கேள்வி கேட்பாள். நான் நெரெய்டாவுக்குப் போன் போட்டேன்.

"நெரி, நீ வாடி. நான் மேடையில இருக்கேன். இந்தத் தடவை நான் சொல்றேன்."

"என்னத்தச் சொல்லுவே?"

"அதைக் கண்டுபிடிச்சது நீன்னு சொல்லுவேன். காட்டிக் கொடுத்தது நீ இல்லைன்னும் சொல்லுவேன். சத்தியமா."

அவள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கு மைக்கெல்லாம் வேணாம் லோனி. பேரும் வேணாம். அங்க இருந்தவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒரு தடவை, என் மக காதுல விழற மாதிரி சொன்னாப் போதும். அவளைக் கூட்டிட்டு வரேன்."

வந்தாள். ஈஸ்டருக்குப் போடுகிற நல்ல நீலக் கோட்டு, காதில் தங்க வளையம். மூன்றாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் மேடைக்குப் பின்னால் இருந்த அறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தேன். அவளும் அசைத்தாள்.

அந்த அறையில் ஹோரஸ் என் தோளில் கை போட்டான். "டேய் லோனி, அடுத்த மாசம் லிஸ்பன்ல ரெண்டு ஷோ. ரெண்டாவது பிளேயருக்கு ஒரு கை வேணும். அசல் ஆளா வேணும். உன்னைத்தான் சொல்லிவெச்சிருக்கேன்." நான் நியூ ஜெர்சியைத் தாண்டியவன் இல்லை. விமானத்தை ஆகாயத்தில்தான் பார்த்திருக்கிறேன். "யோசிக்கிறேன்" என்றேன்.

மேடையில் ஹோரஸ் வழக்கம் போல அளந்தான். அந்தப் பதினேழு விநாடியைப் பற்றி நூலகத்துப் பெண் கேட்டதும், "அது எங்கப்பா கிங்ஸ்டன்லேருந்து கொண்டுவந்த பெட்டியில இருந்துச்சும்மா. தூசி தட்டி எடுத்தது நான். இது கறுப்பர்கள் தெருவுல பொறந்த குழந்தை. ஸ்பானிஷ்காரங்க அப்புறமா ஆட வந்தாங்க, நாங்களும் வேணாம்னு சொல்லல" என்றான். ஸ்பானிஷ் பாட்டு ரெக்கார்டு ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்ததாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அப்போ கூட இருந்தீங்க. இவர் சொல்றது சரிதானே?"

மூன்றாவது வரிசையில் நெரெய்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகளின் கையைப் பிடித்திருந்தாள்.

நான் மைக்கை எடுத்தேன். "ரொம்ப வருசம் ஆச்சும்மா. யாரு எடுத்தா, யாரு வெச்சான்னு இப்ப என்னத்துக்கு? எல்லாரும் சேர்ந்துதான் பண்ணினோம்" என்றேன்.

அரங்கமே கை தட்டியது. பெருந்தன்மையான பேச்சு என்று நினைத்துவிட்டார்கள்.

அப்போது ரூஃபஸ் சிரித்தான். சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருக்கிற மனிதன். கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"சேர்ந்து பண்ணினீங்களா? நல்லாச் சேர்ந்தீங்கடா! ஹோரஸ், அந்த ஜூலை மாசம் உன் ஸ்பீக்கர் ரெண்டும் கிழிஞ்சு போச்சு. நாளைக்குக் கடை போடணும், உன் ஸ்பீக்கரை ஒரு நாளைக்குக் கொடுன்னு என் வீட்டு வாசல்ல வந்து நின்னே. பதிலுக்கு என்ன தருவேன்னு கேட்டேன். அந்த ரெக்கார்டு பேரை ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி என் கையில வெச்சே. அடுத்த சனிக்கிழமை அதைப் போட்டேன். அந்தப் பொண்ணு தலையில பழியைப் போட்டப்ப, எதிரிக் கூட்டம் உடையுதுன்னு நானும் சிரிச்சேன். அது என் தப்பு." நெரெய்டாவைப் பார்த்துத் தலை குனிந்தான். "உன் தம்பி செசாருக்கு ஒண்ணுமே தெரியாது தாயி. கண்டுபிடிச்சது நீதான்னு எங்க கூட்டத்துல எல்லாருக்கும் தெரியும். உன்னை எங்க பக்கம் இழுக்கத்தான் நாங்க அலைஞ்சோம்."

"மருந்து வேகத்துல உளறுறான்" என்றான் ஹோரஸ். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு ஸ்பீக்கரையும் ஹோரஸ் வீட்டிலிருந்து மைதானத்துக்குச் சுமந்தது நான்தான். முன்னால் சிவப்புத் துணி போட்ட ஸ்பீக்கர் பிராங்க்ஸில் ஒருவனிடம்தான் உண்டு. யாருடையது என்று எனக்குத் தெரியும். எதற்குக் கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரப் பஞ்சாயத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் அது என் மனதில்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் வெளித் தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தேன். யாரிட்ஸா அழுது மூக்கு சிவந்து நின்றாள். நான் சிரித்த முகமாகவே போனேன், அந்த வெட்கங்கெட்டதனத்தை என்னவென்று சொல்ல.

"பாத்தியா நெரி, கடைசியில உண்மை வெளியில வந்துடுச்சு பாரு!"

"வந்துச்சு. எதிரி வாயிலேருந்து வந்துச்சு." கோட்டுப் பொத்தானைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டாள். "உன் வாயில என்ன, கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"நான் சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள ரூஃபஸ்…"

"ஹோரஸ் பண்ணினது எனக்கு அன்னிக்கே தெரியும்டா. சிவப்பு ஸ்பீக்கரை நானும்தானே பாத்தேன். அவனைப் பத்தி நான் ஒரு நாளும் அழுததில்ல, அவன் புத்தி அவ்வளவுதான். உன்னைத்தான் நாப்பத்தஞ்சு வருசமா எனக்குள்ளயே காப்பாத்திட்டு வந்தேன். சின்னப் பையன், பயந்துட்டான், வேற என்ன செய்வான்னு. எங்கப்பாகிட்டகூட உனக்காகத்தான் பேசினேன்." கடைசிப் பொத்தானைப் போட்டாள். "இப்ப உனக்கு வயசு அறுபத்து மூணு லோனி."

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போனாள். பேருந்து நிறுத்தம் எதிரிலேயே இருக்கிறது. ஓடினால் அவளைப் பிடித்திருக்கலாம்.

உள்ளேயிருந்து நூலகத்துப் பெண், "சார், மூணு பேரையும் வெச்சு ஒரு படம் எடுக்கணும்" என்று கூப்பிட்டாள். ரூஃபஸ் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நான் போனேன். ஹோரஸ் என் பக்கத்தில் நெருங்கி நின்று, "லிஸ்பனுக்கு பாஸ்போர்ட் எடுக்கணும்டா, சீக்கிரம்" என்று காதில் சொன்னான். நான் தலையாட்டினேன்.